போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது எப்படி? எது வாங்கலாம், எத்தனை வருஷம் வரும்?

கேள்வி இது: லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. குடும்பப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து 700 ஜிபி இருக்கின்றன. ஒரு 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிட்டால் பேக்கப் எடுத்ததாகிவிடுமா? எந்த டிஸ்க் நல்லது, எத்தனை வருஷம் உழைக்கும்?

ஆகாது. முன்பு லேப்டாப்பில் மட்டும் இருந்த படங்கள் இனி அந்தச் சின்னப் பெட்டியில் மட்டும் இருக்கும், அவ்வளவுதான் மாற்றம். அந்தப் பெட்டி கீழே விழலாம், தொலையலாம், திருடு போகலாம். ஒரு ஃபைல் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் இருந்தால்தான் அதற்கு பேக்கப் உண்டு என்று சொல்ல முடியும். எந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் நின்றுபோகும். நிற்காத டிஸ்க் தரும் கம்பெனியைத் தேடி நேரம் செலவழிப்பதைவிட, எது நின்றாலும் ஒரு படம்கூடப் போகாதபடி ஏற்பாடு செய்வதே நமக்கு வேலை.

லேப்டாப்பில் இடமில்லை என்பதால் இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் படங்கள் குடியிருக்கும், மற்றொன்று அதன் நகல். பட்ஜெட் இடிக்கிறது என்றால், 4 டிபியில் ஒன்று வாங்குவதைவிட 1 டிபியில் இரண்டு வாங்குவது எவ்வளவோ மேல். உங்கள் 700 ஜிபி அதில் அடங்கும். கொஞ்ச நாளில் நிரம்பிவிடும் என்பது மட்டும்தான் குறை.

ஊரில் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் அசெம்பிள் செய்து தரும் கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பார்கள். விண்டோஸ் கெட்டுப்போனால் சியை மட்டும் ஃபார்மேட் செய்வார்கள், டியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். அதனால் டியில் ஒரு காப்பி போட்டுவிட்டால் பத்திரம் என்ற எண்ணம் வந்துவிட்டது. மூன்றும் ஒரே டிஸ்க்கின் பாகங்கள்தான். மோட்டாரோ, தரவைப் படித்து எழுதும் ஹெட்டோ பழுதானால் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும்.

இனி வாங்கும் விஷயம். போர்ட்டபிள் என்று விற்பவை 2.5 அங்குல டிஸ்க்குகள். யூஎஸ்பி கேபிளிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும். 3.5 அங்குலப் பெரிய பெட்டிகளுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு 2.5 போதும். உள்ளே சுழலும் டிஸ்க்கைத் தயாரிப்பவர்கள் இன்று உலகத்திலேயே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்று பேர்தான். மேலே வேறு எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இவர்களில் ஒருவருடையது இருக்கும். அதனால் பிராண்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இரண்டு டிஸ்க்கையும் வெவ்வேறு கம்பெனியில், அல்லது வெவ்வேறு மாதத்தில் வாங்குங்கள். ஒரே தயாரிப்பு வரிசையில் குறை இருந்தால் இரண்டும் ஒன்றாகப் பழுதாகும் வாய்ப்பு இதனால் குறையும்.

2 டிபி வாங்கிச் செருகினால் விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டும். ஏமாற்று வேலை அல்ல. கம்பெனி ஒரு டிபியை லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1024 மடங்குகளில் கணக்கிடுகிறது. 1 டிபி என்பது 931 ஜிபி ஆவதும் இதனால்தான். ஆனால் ஆன்லைனில் 16 டிபி என்று போட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்கும் குட்டி டிஸ்க்குகள் உண்மையிலேயே மோசடி. உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை வைத்து, கொள்ளளவை மட்டும் பொய்யாகக் காட்டுகிறார்கள். காப்பி ஆவதுபோலவே தெரியும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவது எதுவும் திரும்பக் கிடைக்காது.

வேகத்தைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல டிஸ்க்கைப் பழுது என்று நினைத்துவிடுவோம். இன்றைய 2.5 அங்குல டிஸ்க்குகளில், அதிலும் 2 டிபிக்கு மேல், பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடம் ஏறி அமர்ந்திருக்கும். இடையில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதை ஒட்டிய தடங்களையும் சேர்த்தே திரும்ப எழுத வேண்டும். இதற்காக டிஸ்க் ஒரு தனிப் பகுதியை ஒதுக்கி, வருவதை முதலில் அதில் வேகமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும். சும்மா இருக்கும்போது அதை உரிய இடத்துக்கு மாற்றும். அந்தப் பகுதி நிரம்பியதும் நொடிக்கு 110 எம்பி என்று ஓடிக்கொண்டிருந்த காப்பி திடீரென 20, 30 எம்பிக்கு இறங்கும். பயப்பட வேண்டாம். பேக்கப்புக்கு இந்த வகை போதும். பெரிய காப்பி முடிந்ததும் உடனே பிடுங்காமல் அரை மணி நேரம் செருகியபடியே விட்டால், அந்த ஒழுங்குபடுத்தும் வேலையை அது முடித்துக்கொள்ளும்.

சுழலும் தட்டு இல்லாமல் மெமரி சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கலாமா என்றும் கேட்பீர்கள். வேகம் பல மடங்கு, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். தினமும் பையில் எடுத்துப் போகும் வேலைக்கு அதுவே சரி. ஆனால் பீரோவில் வைத்து வருஷக்கணக்கில் மறந்துவிடும் நகலுக்கு ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு. எஸ்எஸ்டியில் தரவு மின்னேற்றமாக நிற்கிறது, கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். மெமரி சிப்களுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்குப்படி, எழுதும் ஆயுளை முழுக்க முடித்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி 30 டிகிரியில் கரண்ட் இல்லாமல் ஒரு வருஷம் தரவைக் காத்தால் போதும். புதியது அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், நம் ஊர்ப் பீரோவுக்குள் கோடையில் 30 டிகிரியோடு நிற்பதில்லை.

வாங்கி வந்த அன்றே படங்களை ஏற்றிவிடாதீர்கள். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். மொத்தம் ஓடிய மணி நேரம் பூஜ்யமோ ஒன்றிரண்டோதான் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் பழைய டிஸ்க்கைப் புதிதென்று கொடுத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுங்கள். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒருமுறை எழுதிப் படிக்கச் சொல்லுங்கள். மேக், லினக்ஸ் என்றால் எஃப்3. 1 டிபிக்கு எழுத மூன்று மணி நேரம், படிக்க மூன்று மணி நேரம் குறைந்தபட்சம் ஆகும். எஸ்எம்ஆர் என்றால் இன்னும் கூடும். இரவில் ஓடவிடலாம். தயாரிப்புக் குறை இருந்தால் பெரும்பாலும் இதிலேயே வெளிப்பட்டுவிடும், கடைக்காரர் மாற்றித் தரும் காலமும் தாண்டியிருக்காது.

அடுத்து ஃபார்மேட், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. விண்டோஸில் மட்டும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கில் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ். இரண்டிலும் என்றால் எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32 வேண்டவே வேண்டாம். 4 ஜிபியைத் தொடும் எந்த ஃபைலையும் அது ஏற்காது, ஒரு கல்யாண வீடியோவே அதைத் தாண்டிவிடும். எக்ஸ்ஃபேட் எங்கும் ஓடும் என்பதால் பலர் கண்ணை மூடிக்கொண்டு அதையே போடுகிறார்கள். அதில் ஒரு பலவீனம் இருக்கிறது. செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு அதில் கிடையாது. எழுதும் நடுவில் கேபிள் பிடுங்கப்பட்டாலோ கரண்ட் போனாலோ என்டிஎஃப்எஸ் அந்தப் பதிவைப் பார்த்துத் தன் அமைப்பைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் ஃபோல்டர் பட்டியலே குழம்பிப்போகலாம். மின்வெட்டு உள்ள ஊரில், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இந்த வித்தியாசம் பெரிது. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவதா? ஆதார், பான், பத்திர நகல்கள், வங்கிக் கணக்கு விவரங்கள் இருந்தால் கட்டாயம் பூட்டுங்கள். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறது. அதில் பூட்டியதை ஹோம் பதிப்பிலும் திறந்துகொள்ளலாம், ஆனால் புதிதாகப் பூட்டுவதற்கு ப்ரோ வேண்டும். ஹோம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெராகிரிப்ட் என்ற பூட்டும் மென்பொருள் இலவசம். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அதே டிஸ்க்கில் வைத்தால் பயனில்லை. வெறும் குடும்பப் படங்கள், வீட்டை விட்டு வெளியே போகாத டிஸ்க் என்றால் பூட்டாமல் விடுவதே நல்லது என்பேன். உங்களுக்குப் பிறகு அதைத் திறக்க வேண்டியவர்களுக்கு பாஸ்வேர்டு தெரியாமல் போனால் அந்தப் படங்கள் இல்லாதது போலத்தான்.

இப்போது காப்பி. எக்ஸ்ப்ளோரரில் 700 ஜிபியையும் ஒரே இழுப்பாக இழுத்துப் போடாதீர்கள். நடுவில் ஒரு ஃபைல் படிக்க முடியாமல் நின்றால் எதுவரை போனது, எது போகவில்லை என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இடது பக்கம் மூல ஃபோல்டர், வலது பக்கம் பேக்கப் ஃபோல்டர். ஒப்பிடு என்று அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியலிடும். அதைப் பார்த்த பிறகு சிங்க் அழுத்தினால் வித்தியாசத்தை மட்டும் காப்பி செய்யும். பாதியில் நின்றாலும் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். லேப்டாப்பில் யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். பல லேப்டாப்களில் அதன் உள்நாக்கு நீல நிறத்தில் இருக்கும். யூஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 35 எம்பி அளவுதான் கிடைக்கும், உங்கள் 700 ஜிபிக்கு ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாது. வேகமான போர்ட்டிலும் ஆயிரக்கணக்கான சிறு படங்கள் இருக்கும் ஃபோல்டர்கள் மெதுவாகத்தான் போகும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பட்டியலில் தனிப்பதிவு எழுத ஹெட் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கிறது.

இந்த மென்பொருளில் மிரர் என்ற முறை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்தி வருஷக்கணக்கான படங்களை இழப்பது மிக எளிது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மிரர் என்றால் வலது பக்கம் இடது பக்கத்தின் அச்சு நகலாகிவிடும். இடது பக்கத்தில் இல்லாதது வலது பக்கத்திலும் அழிக்கப்படும். லேப்டாப்பில் தவறுதலாக 2019 ஃபோல்டரை அழித்துவிட்டு, அது தெரியாமல் மிரர் ஓட்டினால் பேக்கப்பிலிருந்தும் 2019 போய்விடும். இடம் காலி செய்ய லேப்டாப்பில் வேண்டுமென்றே அழித்தாலும் அதே கதி. இடது வலது மாறி, காலியான புது டிஸ்க்கை இடது பக்கம் வைத்துவிட்டால் மூலமே துடைக்கப்படும்.

இதற்குத் தடுப்பு மூன்று. முதலாவது, அமைப்பில் அழிக்கப்படும் ஃபைல்களை என்ன செய்வது என்ற இடத்தில் வெர்ஷனிங் என்பதைத் தேர்ந்தெடுத்து, பேக்கப் டிஸ்க்கிலேயே தனி ஃபோல்டர் ஒன்றைக் காட்டுங்கள். அழிபவையும் மாறியவையும் தேதியிட்டு அங்கே போய்ச் சேரும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். இதற்கும் இடம் வேண்டும் என்பதால், பட்ஜெட் இடம் கொடுத்தால் டிஸ்க்கின் அளவு உங்கள் தரவைப் போல இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. இரண்டாவது, ஒப்பிட்ட பிறகு கீழே எத்தனை ஃபைல் அழியப்போகிறது என்று ஒரு எண் காட்டும். நீங்கள் எதையும் அழிக்காத மாதத்தில் அந்த எண் பூஜ்யமாக இல்லையென்றால் நிறுத்திக் காரணத்தைப் பாருங்கள். மூன்றாவது, விண்டோஸ் கொடுக்கும் டிரைவ் எழுத்து நிலையானதல்ல. இன்று எஃப் ஆக வந்தது நாளை பென் டிரைவ் ஒன்று செருகியிருந்தால் ஜி ஆக வரும். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் எழுத்து வரிசையின் கடைசியில் உள்ள ஒன்றை நிரந்தரமாக ஒதுக்குங்கள். அல்லது ஃப்ரீஃபைல்சிங்க்கில் எழுத்துக்குப் பதில் சதுர அடைப்புக்குள் டிஸ்க்கின் பெயரைக் கொடுக்கலாம். ஒன்றுக்கு 'மூலம்', மற்றதற்கு 'நகல்' என்று பெயரிட்டு, அதையே ஸ்டிக்கராக எழுதிப் பெட்டியின் மேலும் ஒட்டிவிட்டால் குழப்பமே வராது.

முதல் காப்பி முடிந்ததும், மூலத்தில் எதையும் அழிக்கும் முன், ஒப்பிடும் முறையை 'உள்ளடக்கம்' என்று மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். சாதாரண ஒப்பீடு ஃபைலின் தேதியையும் அளவையும் மட்டும் பார்க்கிறது. இது ஒவ்வொரு பைட்டையும் இரு பக்கமும் படித்துப் பார்க்கும். நேரம் எடுக்கும், ஆனால் இது முடிந்தால்தான் காப்பி முடிந்தது. அதன்பின் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பல வருஷங்களிலிருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள்; வீடியோக்களைக் கடைசி நிமிடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். பாதியில் அறுந்த ஃபைல் ஆரம்பத்தில் நன்றாகவே ஓடும்.

படங்களுக்கு இந்த முறை போதும். தினமும் மாறும் வேர்டு, எக்செல் ஃபைல்களுக்குப் பழைய வடிவங்களும் வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்குள் அதற்கென்றே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. டிஸ்க் செருகியிருக்கும்வரை மணிக்கொருமுறை மாறியவற்றை எடுத்து வைக்கும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களை மட்டும்தான் அது பார்க்கும் என்பதைக் கவனியுங்கள். டி டிரைவில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டரை லைப்ரரியில் சேர்க்காவிட்டால் அதைத் தொடாது. மேக்கில் இதே வேலையைச் செய்யும் டைம் மெஷின் இதைவிடச் சுலபம். ஆனால் அதற்கென்று தனி டிஸ்க்கோ தனிப் பகுதியோ கொடுங்கள்.

எப்போதும் செருகியே வைத்திருக்கலாமா? கூடாது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை போன்ற, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்கள் கம்ப்யூட்டரில் உள்ளதை மட்டும் பூட்டுவதில்லை, அந்த நேரத்தில் செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் பூட்டிவிடும். பேக்கப் எடுக்கும்போது செருகி, முடிந்ததும் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை, உங்களுக்கு நினைவில் நிற்கும் ஒரு தேதியில் எடுக்கலாம். கல்யாணம், காதுகுத்து, பயணம் என்று நிறையப் படங்கள் சேர்ந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். கேமராவின் மெமரி கார்டை இரண்டு டிஸ்க்கிலும் ஏறிய பிறகே அழியுங்கள்.

பேக்கப் டிஸ்க்கை வேறு வேலைக்கு எடுக்கவே கூடாது. டிவியில் படம் பார்க்கச் செருகினால், பதிவு செய்யும் வசதியுள்ள சில டிவிகள் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். ரிமோட்டில் ஓகே அழுத்துவது குழந்தைக்குக்கூட எளிது. ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டர்களில் ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட் ஆக்கும் வைரஸ் இன்னமும் உலவுகிறது. பிரிண்ட் போட வேண்டிய படங்களைப் பென் டிரைவில் தனியாகக் கொண்டு போங்கள்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் தீ, திருட்டு, வெள்ளம் மூன்றுக்கும் இரண்டும் ஒன்றுதான். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தபோது லேப்டாப்பும் அதன் பக்கத்தில் இருந்த டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கத்தான் வாய்ப்பு. நகல் டிஸ்க்கை அண்ணன் வீட்டிலோ ஊரில் அம்மாவிடமோ வையுங்கள், இயன்றால் வேறு ஊரில். மூன்றாவதாக ஒன்று இருந்தால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிய நகலைக் கொடுத்துப் பழையதை எடுத்து வந்துவிடலாம். கிளவுடில் வைப்பதும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் விவரம் தெரிந்து செய்யுங்கள். கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றுவது 2021 ஜூன் 1 அன்று முடிந்தது. இப்போது 15 ஜிபி மட்டும். ஸ்டோரேஜ் சேவர் அமைப்பில் ஏற்றினால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களும் ஃபுல் எச்டிக்கு மேற்பட்ட வீடியோக்களும் சுருக்கப்படும். போனில் கூகுள் போட்டோஸ் ஆப்பில் அழித்தால் அங்கேயும் அழிவது பலருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு இடத்தையும் எப்போதும் ஒரே மாதிரி வைக்கும் சிங்க் வேறு, பேக்கப் வேறு.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள்வரை இடம் இருக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மேட்டிலோ 255 பைட் மட்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே மூன்று பைட் எடுத்துக்கொள்வதால் 85 குறிகளோடு முடிந்துவிடும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் ஐம்பது எழுத்துச் சொச்சம்தான் தேறும். விண்டோஸில் நன்றாக இருந்த நீண்ட பெயருள்ள ஃபைல், வீட்டு நெட்வொர்க்கில் வைத்திருக்கும் லினக்ஸ் டிஸ்க்கில் ஏறாமல் நிற்பது இதனால்தான். மற்றொன்று, பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபார்மேட் உள்ள மேக் டிஸ்க்குகள் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். 'கோவில்' என்பது கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே வேறு; லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ காப்பி செய்யும்போது ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் தோன்றும். ஃபோல்டர் பெயர் '2023-05-14' என்று தேதியில் தொடங்கி, பிறகு சுருக்கமாகத் தமிழில் ஒரு சொல் இருந்தால் வரிசையும் கெடாது, நீளமும் தாண்டாது.

கையாளும் முறை. சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான். ஓடும்போது தட்டிவிட்டால் ஹெட் தட்டில் உரசும். நின்றிருக்கும்போது அது ஓரத்தில் ஒதுங்கி நிற்பதால் அதே அதிர்ச்சியைப் பெரும்பாலும் தாங்கும். மேசைமேல் படுக்கை வாட்டில் வையுங்கள், மெத்தையிலும் மடியிலும் வேண்டாம், கேபிள் நடமாடும் வழியில் தொங்கக் கூடாது. இஜெக்ட் கொடுத்து, பிடுங்கி, பத்து நொடி கழித்துச் சுழற்சி நின்ற பிறகே கையில் எடுங்கள். டிரைவ் உபயோகத்தில் உள்ளது என்று இஜெக்ட் மறுத்தால் திறந்திருக்கும் ஃபோல்டர்களை மூடிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் லேப்டாப்பை ஷட் டவுன் செய்துவிட்டுக் கழற்றுவதுதான் பாதுகாப்பு. பல போர்ட்டபிள் மாடல்களின் கையேட்டில் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை என்றுதான் இருக்கும். மே மாத மத்தியானத்தில் ஆறு மணி நேரக் காப்பியை ஓட்ட வேண்டாம், இரவில் மின்விசிறிக்குக் கீழே ஓட்டுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். எடுத்து வைக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், கடலோர ஊர்களில் இது அவசியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சுழலவிடுங்கள்.

பழுதாகும்போது என்ன தெரியும்? விளக்கு எரிந்து டிஸ்க் சுழலாமல் இருந்தாலோ, செருகியதும் தானே விடுபட்டு விடுபட்டு வந்தாலோ முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். டிஸ்க் பக்கம் செருகும் மைக்ரோ பி என்ற அகலமான முனை சீக்கிரம் தளரும். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் 900 மில்லிஆம்பியர் கொடுக்க வேண்டியவை. சுழலத் தொடங்கும் நொடியில் டிஸ்க் அந்த எல்லையைத் தொட்டுவிடும். நீளக் கேபிளும், அசெம்பிள் கேபினெட்டின் முன்பக்க போர்ட்டும் இதில் தோற்கும். குட்டைக் கேபிள், பின்பக்க போர்ட் மாற்றிப் பாருங்கள்.

டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் திரும்பத் திரும்ப வந்து, வேறு கேபிளிலும் போர்ட்டிலும் மாறவில்லை என்றால் ஹெட் போய்விட்டது. உடனே கழற்றுங்கள். மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தட்டு கீறுபடலாம். ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது பற்றிப் பழைய குறிப்புகள் சுற்றுகின்றன. வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படியும், இருந்த வாய்ப்பும் போகும். வேறு நகல் இல்லை, தரவு தேவை என்றால் தூசியற்ற அறை வசதியுள்ள ரெக்கவரி நிறுவனம்தான் வழி. செலவு புது டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு. பெட்டியை உடைத்து உள்ளே இருப்பதை வேறு கேஸில் போட்டுப் பார்க்கும் யோசனையும் பல மாடல்களில் எடுபடாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வரிசையில் பலவற்றில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் தரவு குறியாக்கமாகித்தான் எழுதப்பட்டிருக்கும்.

'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறங்கள். பார்க்க வேண்டியவை மூன்று வரிகள்: 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தட்டில் தரவு பதியும் சிறு துண்டுகள்), சி5 என்பது படிக்கத் திணறிக் காத்திருப்பவை, சி6 என்பது மீட்க முடியாதவை. மூன்றும் பூஜ்யம் என்றால் டிஸ்க் பெரும்பாலும் நலம், ஃபைல் அமைப்புதான் குழம்பியிருக்கிறது. டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் மீட்டுத் தரும், மீட்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். சி5 ஏறியிருந்தால், ஃபைல் அமைப்பைத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது. அது நலிந்த டிஸ்க்கில் எழுதித் திருத்தப் பார்க்கும், ஃபோல்டர்கள் சிதறிப்போகும். அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க்கில், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழு நகல் எடுத்துவிட்டு, பிறகு செய்வதையெல்லாம் அந்த நகலில் செய்யுங்கள். டிடிரெஸ்க்யூ முதலில் எளிதாக வருவதை அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்குவதால் சாகும் டிஸ்க்கிலிருந்து அதிகம் கிடைக்கும். தவறுதலாக அழித்த ஃபைல்களைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: சில எஸ்எம்ஆர் டிஸ்க்குகள் எஸ்எஸ்டியைப் போல, அழித்த இடம் இனி தேவையில்லை என்று சொல்லும் ட்ரிம் கட்டளையை ஏற்கும், அவற்றில் அழிந்தது திரும்ப வராமலே போகலாம்.

எத்தனை வருஷம் வரும் என்ற கேள்விக்கு: வாரன்டி மாடலைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று வருஷம். அது டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் தரவுக்கு அல்ல. நான்கைந்து வருஷம் ஆனதும், நன்றாக ஓடினாலும், புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதை மூன்றாவது நகலாக வெளியூருக்கு அனுப்புங்கள். 05 அல்லது சி5 எண் மாதத்துக்கு மாதம் ஏறினால் வயதைப் பார்க்காமல் மாற்றுங்கள். வாரன்டியில் அனுப்பும் டிஸ்க் திரும்பி வராது, வேறொன்றுதான் வரும்; ஓடும் நிலையில் இருந்தால் அனுப்புமுன் முழுவதும் துடையுங்கள். குயிக் ஃபார்மேட் பட்டியலை மட்டும்தான் அழிக்கிறது. விண்டோஸில் ஃபார்மேட் பெட்டியில் குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுதும் பூஜ்யம் எழுதப்படும், 2 டிபிக்கு ஓர் இரவு ஆகும். ஓடாத டிஸ்க்கில் பத்திர நகல்கள் பூட்டப்படாமல் இருந்தால் வாரன்டியை விட்டுவிடுங்கள். பெட்டியைத் திறந்து தட்டுகளை உடைத்து மின்கழிவில் சேருங்கள். 2.5 அங்குல டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சுத்தியல் பட்டால் தெறிக்கும். துணியில் சுற்றி, கண்ணை மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.